தலைவன் இல்லாத படை



கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. எந்த இடத்தில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தென்னையும் மரச்சீனியும் வாழையும் ரப்பரும் இரு புறத்திலும் ஒன்றுபோலவே வளர்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவற்றோடு சேர்த்துக் கோரப்பட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்றுமுதல் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள், தாம் இடம்பெயராமலே பிற மாநிலத் தமிழர் ஆயினர். பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருந்து கேட்கின்ற உங்களுக்கு அந்த நிலையை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாறசாலையின் பெயர் 2021ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நாடெங்கும் செய்திகளில் வந்தது. அப்பகுதியைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குக் காய்ச்சலும் தலைவலியும் தோலில் சிவந்த தடிப்புகளும் கண்டிருந்தன. அவரது இரத்தத்தைச் சோதித்ததில் அது ஜிகா வைரஸ் என்று தெரிந்தது. கேரளத்தில் அறியப்பட்ட முதல் ஜிகா நோயாளி அவரே. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அவர் வெளிநாடு சென்றவரல்லர். வெளி மாநிலத்துக்கும் பயணம் செய்தவரல்லர். அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது? திருவனந்தபுரத்திலிருந்து சந்தேகத்தின்பேரில் அனுப்பப்பட்ட 19 இரத்த மாதிரிகளில் 13இல் வைரஸ் இருப்பதாகப் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் கண்டது. ஜூலை 8 முதல் 26 வரை கேரளத்தில் எடுத்த 590 மாதிரிகளில் 70 பேருக்கு நோய் உறுதியாயிற்று. நாம் பெயர் அறிவதற்கு முன்பே அது ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. தமிழ்நாட்டு அரசும் எல்லையில் சோதனைகளைத் தீவிரமாக்கியது.

எல்லையில் மனிதரை நிறுத்திச் சோதிக்கலாம். கொசுவை நிறுத்த இயலாது. ஜிகாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே சுற்றி வருவது. ஆனால் எல்லைக் கோடு வீட்டுக் கொல்லையை ஒட்டிச் செல்லும் ஊரில் சில நூறு மீட்டரே இரு மாநிலங்களுக்குப் போதும். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டிய சிரட்டையில் மழைநீர் தேங்கினால் அதுவே இக்கொசுவுக்குப் பிறந்த வீடு.

இந்த எல்லை ஊர்களில் வந்த காய்ச்சலை முன்னிட்டு, உடலுக்குள் இருக்கும் இன்னொரு காவலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எல்லைச் சோதனைச் சாவடிக்கு அதிகாரி உண்டு, ஆணை உண்டு, பதிவேடு உண்டு. நம் உடலின் நோய் எதிர்ப்புப் படைக்குத் தலைவன் இல்லை. ஆயினும் அது பகைவனைக் கண்டுபிடிக்கிறது, பெருகுகிறது, வேலை முடிந்ததும் சுருங்குகிறது, பல ஆண்டுகள் கழித்தும் பழைய பகைவனை நினைவில் வைத்திருக்கிறது. ஆணையிடுவோர் இன்றி இவ்வொழுங்கு எவ்வாறு தோன்றுகிறது? கணித அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக எழுதிப் பார்த்துவரும் கேள்வி இது.

முதலில் ஒரு புதிரைச் சொல்கிறேன். ஜிகா வைரஸ் 1947ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், ஜிகா என்னும் காட்டில் ஒரு குரங்கினிடம் முதன்முதல் கண்டெடுக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1952இல், புனேயில் வைரஸ் ஆய்வு நிலையம் தொடங்கியது. அங்குள்ள ஆய்வாளர்கள் இந்தியாவில் எந்தெந்த வைரஸ்கள் உலவியிருக்கக்கூடும் என்று அறிய மக்களின் இரத்தத்தைச் சோதித்தனர். 1954இல் வெளியான அவ்வாய்வில், சோதிக்கப்பட்ட 196 பேரில் 33 பேரின் இரத்தம் ஜிகா வைரஸை முறியடிக்கும் ஆற்றல் உடையதாக இருந்தது. ஆனால் இந்நாட்டில் ஜிகா நோயாளிகள் உறுதியாக அறியப்பட்டது 2016, 2017ஆம் ஆண்டுகளில்தான். முதலில் அகமதாபாத்திலும் பின்னர்த் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்த 33 பேருக்கு எதிர்ப்பு எப்படி வந்தது? ஜிகா அப்போதே இங்கு உலவியிருக்கலாம். அல்லது அதன் நெருங்கிய உறவான டெங்குவுக்காக உடல் செய்து வைத்த எதிர்ப்பொருள், ஜிகாவையும் டெங்கு என்று எண்ணிப் பற்றியிருக்கலாம். இந்த இரண்டாவது வழிக்குப் பெயர் குறுக்கு அடையாளம். இன்றைய உரையின் கணக்கு முழுவதும் இதைச் சுற்றியே செல்கிறது.

எதிர்ப்பொருள் என்பது இரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். நிணநீர் அணுக்களில் ஒரு வகை இதை உண்டாக்குகின்றன. ஒவ்வோர் எதிர்ப்பொருளின் நுனியிலும் ஒரு தனி வடிவம் உண்டு. அந்த வடிவத்துக்குப் பொருந்துகிற பொருளை மட்டும் அது பற்றும். இதுவரை கண்டிராத கிருமிக்கும் பொருந்துகிற வடிவம் உடலில் எவ்வாறு கிடைக்கிறது? ஒரு காலத்தில் அறிஞர்கள், பொற்கொல்லர் விரலை அளந்து மோதிரம் செய்வதைப் போல, கிருமி வந்த பின் அதை அளந்து உடல் எதிர்ப்பொருளைச் செய்கிறது என்று கருதினர். 1955இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் யெர்னே என்பவரும், 1957இல் ஆஸ்திரேலியாவின் பர்னெட்டும் இக்கருத்தை மாற்றினர். உடல் பொற்கொல்லரைப் போன்றதன்று. திருவிழாவுக்கு வரும் வளையல்காரரைப் போன்றது. வரப்போகிற கைகளின் அளவு அவருக்குத் தெரியாது. எல்லா அளவிலும் வளையல்களைக் கட்டி எடுத்து வருகிறார். கை வந்ததும், பொருந்தும் வளையல் தெரிகிறது. உடலில் நடப்பது இன்னும் ஒரு படி மேல்: பொருந்திய வளையலைச் செய்யும் அணு உடனே பல்கிப் பெருகி, அதே வளையலை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்குகிறது. கிருமி நீங்கிய பின்னும் அவ்வணுக்களில் சில எஞ்சி நிற்கின்றன. அதுவே நினைவு.

இங்குக் கணிதம் நுழைகிறது. எத்தனை வகை வளையல் இருந்தால் எந்தக் கையும் வெறுங்கையாகத் திரும்பாது? 1979இல் ஆலன் பெரல்சன், ஜார்ஜ் ஆஸ்டர் என்னும் இருவர் இக்கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று எழுதினர். ஓர் எதிர்ப்பொருள், உலகிலுள்ள வடிவங்களில் 1 லட்சத்தில் ஒன்றைப் பற்றும் என்று கொள்வோம். உடலில் 1 லட்சம் வகை எதிர்ப்பொருள்கள் இருந்தால் போதும் என்று நமக்குத் தோன்றும். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. எதிர்ப்பொருள்கள் திட்டமிட்டுப் பங்கிடப்பட்டவையல்ல, குருட்டாம்போக்கில் அமைந்தவை. சில வடிவங்களை மூன்று நான்கு வகைகள் பற்றும். சிலவற்றை ஒன்றும் பற்றாது. ஆகவே 1 லட்சம் வகைகள் இருந்தும், நூற்றில் 37 வடிவங்கள் தப்பிவிடும். வகைகளைப் பத்து மடங்காக்கி 10 லட்சம் ஆக்கினால், தப்புவன 10 லட்சத்தில் 45 மட்டுமே. பத்து மடங்கு செலவுக்கு எண்ணாயிரம் மடங்கு பாதுகாப்பு. மனித உடலில் நிணநீர் அணுக்களின் எண்ணிக்கை லட்சம் கோடி என்னும் அளவில் இருப்பதன் காரணத்தை இக்கணக்கு ஒருவாறு காட்டுகிறது.

இக்கணக்கைச் சற்றே திருப்பிப் பாருங்கள். எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. அதன் நுனிக்கும் ஒரு வடிவம் உண்டு. உலகிலுள்ள எந்த வடிவத்தையும் தப்பவிடாத அளவுக்கு வகைகள் நிறைந்திருந்தால், அவ்வகைகளின் வடிவங்களையும் அவை தப்பவிடா. 10 லட்சம் வகைகள்; 1 லட்சத்தில் ஒன்று பொருந்தும்; எனவே ஒவ்வோர் எதிர்ப்பொருளையும் பற்றக்கூடிய வேறு எதிர்ப்பொருள்கள் சராசரியாகப் பத்து அதே உடலில் இருக்க வேண்டும். அப்பத்தையும் பற்றுவன வேறு பத்து. முற்றிலும் விழிப்பான காவல், காவலர்களையும் கவனித்தே தீரும்.

யெர்னே 1974இல் வெளியிட்ட வலைக் கோட்பாட்டின் உயிர்நிலை இதுதான். நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமி வரும்வரை தூங்கிக் கிடப்பவையல்ல. அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டும், தூண்டியும், அடக்கியும் எப்போதும் உரையாடிக்கொண்டிருக்கும் ஒரு வலை என்றார் அவர். கிருமி வருவது அவ்வுரையாடலின் நடுவே புதிய குரல் ஒன்று கேட்பதைப் போன்றது. 1984இல் யெர்னேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உண்மையாகவே இது ஒரே வலையா, அல்லது துண்டு துண்டான சிறு கூட்டங்களா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் கணிதத்தில் விடை இருந்தது. ஹங்கேரி நாட்டு அறிஞர்களான எர்டோஸ், ரெனி இருவரும் நோய் எதிர்ப்பைப் பற்றி எண்ணாமலே 1960 அளவில் அதைக் கண்டிருந்தனர். புள்ளிகள் பலவற்றை வைத்து, அவற்றைக் குருட்டாம்போக்கில் கோடுகளால் இணைத்துக்கொண்டே போகவேண்டும். புள்ளி ஒன்றுக்குச் சராசரி ஓர் இணைப்புக்குக் குறைவாக இருக்கும்வரை சிறு சிறு கூட்டங்களே இருக்கும். ஒன்றைத் தாண்டியதும் திடீரென ஒரு பெருங்கூட்டம் எழுந்து மற்றவற்றை விழுங்கத் தொடங்கும். இடவப்பாதி மழையில் இதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முதலில் முற்றத்தில் தனித்தனிக் குட்டைகள். இன்னும் சிறிது பெய்ததும் ஒரு குட்டை இன்னொன்றைத் தொடுகிறது. பிறகு ஒரு கணத்தில் முற்றம் முழுவதும் ஒரே நீர்ப்பரப்பாகிறது. அந்தக் கணத்தை யாரும் கட்டளையிட்டு வரவழைக்கவில்லை. நம் கணக்கில் சராசரி இணைப்பு பத்து. ஆகவே ஏறக்குறைய எல்லா எதிர்ப்பொருள்களும் ஒரே வலைக்குள் வந்துவிடும். வெளியே நிற்பன 10 லட்சத்தில் 45 வகைகளே. முன்பு கிருமி தப்புவதற்குக் கண்ட அதே எண் இங்கும் வருகிறது. இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்பதே அதன் பொருள்.

வலை உண்டு என்று சொன்னால் போதாது; அது நிலைத்து நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அணுவும் பத்து அணுக்களைத் தூண்டி, அவை நூறைத் தூண்டினால், ஒரு சிறு சளி வந்தாலும் உடல் முழுவதும் தீப்பற்றியதுபோல் ஆகிவிடுமே! இதைத் தடுப்பது எது? 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் பெரல்சன், ரோப் த போர், பிரான்சிஸ்கோ வரேலா, அந்தோனியோ குத்தீன்யோ முதலியோர் இதற்காகச் சமன்பாடுகள் எழுதினர். அச்சமன்பாட்டைச் சொற்களில் சொல்லிவிடலாம். ஒரு வகை அணுவின் நாளைய எண்ணிக்கை என்பது இன்றைய எண்ணிக்கையோடு, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வருவதையும் தூண்டுதலால் பெருகுவதையும் கூட்டி, இயல்பாக மடிவதைக் கழித்தால் கிடைப்பது. வீட்டு வரவு செலவு எழுதத் தெரிந்தவர்க்கு இது புதிதன்று. சூட்சுமம் தூண்டுதல் என்னும் ஒரு வரியில் இருக்கிறது. தூண்டுதல் மிகக் குறைவானால் அணு பெருகாது. நடுத்தரமானால் நன்கு பெருகும். மிக அதிகமானால் மீண்டும் அடங்கிவிடும். வரைபடமாகப் போட்டால் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். இந்த ஒரு விதியை எல்லா அணுக்களுக்கும் கொடுத்துவிட்டுக் கணிப்பொறியை ஓடவிட்டால், சில இடங்களில் எண்ணிக்கை ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது. சில இடங்களில் ஒரு நிலையில் அமர்கிறது. தீ பரவுவது தடைப்படுகிறது. களியக்காவிளைச் சந்தையில் ஏத்தங்குலைக்கு இன்ன விலை என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் அடுத்த கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பத்து மணிக்குள் சந்தைக்கு ஒரு விலை அமைந்துவிடுகிறது. தானே ஒழுங்குறும் வலை என்று அறிஞர்கள் கூறுவது இத்தகைய அமைதியையே.

எவ்வளவு அழகிய கோட்பாடு! ஆயினும் அழகு மட்டும் சான்றாகாது. நினைவு பற்றிய ஒரு கணக்கில் இக்கோட்பாடு எவ்வாறு சோதனைக்கு உள்ளாயிற்று என்பதைச் சொல்கிறேன்.

இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை ஏறத்தாழ 21 நாட்களில் பாதியாகக் குறையும். பாதியில் பாதி, அதிலும் பாதி என்று குறைந்துகொண்டே போனால், 210 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஓராண்டு முடிவதற்குள் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். ஆனால் சிறு வயதில் அம்மை குத்தியவர்களின் இரத்தத்தில் பல பத்தாண்டுகள் கழித்தும் எதிர்ப்பொருள் இருக்கிறது. எங்கோ ஓர் ஊற்று அதை இடைவிடாமல் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஊற்று எது? வலைக் கோட்பாட்டினர், கிருமி போன பின்னும் எதிர்ப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருப்பதே ஊற்று என்றனர். உள்ளே கிருமியின் சாயலைத் தாங்கிய ஓர் எதிர்ப்பொருள் இருந்து, பழைய பாடத்தை ஓதிக்கொண்டே இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. அவர்களது சமன்பாடுகளும் அது நடக்கக்கூடியதே என்று காட்டின.

1997, 1998ஆம் ஆண்டுகளில் எலிகளில் செய்த சோதனைகள் வேறு விடையைத் தந்தன. எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்களில் ஒரு சில, எலும்பு மஜ்ஜையில் சென்று தங்கி, யாரும் தூண்டாமலே மிக நீண்ட காலம் உயிர்வாழ்கின்றன என்று அச்சோதனைகள் தெரிவித்தன. ஊற்று அங்கே இருந்தது. நினைவுக்கு வலை இன்றியமையாதது என்ற வாதம் அதனால் தளர்ந்தது. உடல் தன்னைத்தானே தாக்காமல் இருப்பதற்குக் காரணமாகவும் யெர்னேயின் வலையைச் சொன்னவர் உண்டு. அதற்கும் வேறு விடை கிடைத்தது. ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995இல், பிற அணுக்களை அடக்கி நெறிப்படுத்துகிற தனி வகை டி அணுக்களைக் கண்டறிந்தார். அவருக்கும், அவ்வணுக்களின் மரபுக் காரணத்தைக் கண்ட மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அப்படியானால் வலையை வரைந்தவர்களின் உழைப்பு வீணா என்றால், இல்லை. எதிர்ப்பொருள்கள் ஒன்றையொன்று பற்றுவது உண்மை. அதுவே படை முழுவதையும் நடத்துகிறது என்ற கூற்று மட்டும் நிலைபெறவில்லை. அடக்கும் டி அணுவும் படைத்தலைவன் அன்று. அதுவும் தன் அண்டையிலுள்ள அணுக்களை மட்டும் அறிந்து, அங்கேயே தன் வேலையைச் செய்வதுதான். ஆணையின்றி ஒழுங்கு தோன்றுகிறது என்ற யெர்னேயின் கேள்விக்கு இன்றும் மதிப்புண்டு. வலைக்காகப் பழகிய கணிதமும் பிற நோய்களில் கைகொடுத்தது. வரவும் கழிவும் எழுதும் அதே வகைச் சமன்பாட்டைக் கொண்டு, 1996இல் பெரல்சனும் அவரது தோழர்களும் எய்ட்ஸ் நோயாளிகளின் உடலில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட வைரஸ்கள் புதிதாகப் பிறந்து மடிகின்றன என்று கணித்தனர். அதுவரை பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் நோய் என்று எண்ணப்பட்டது, ஒவ்வொரு நாளும் நடக்கும் கடும் போர் என்பது புலனாயிற்று. அவ்வளவு வேகமாகப் பிறக்கும் வைரஸ் ஒரு மருந்துக்கு எளிதில் தப்பிவிடும். பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற சிகிச்சை முறைக்கு இக்கணக்கு வலுவூட்டியது. நம் சென்னைத் தரமணியில் 1962இல் அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்திலும் இன்று நோய்ப் பரவலையும் உயிர்களின் வலையமைப்புகளையும் கணிதத்தால் ஆராய்வோர் இருக்கின்றனர்.

இனி, பாறசாலைக்குத் திரும்புவோம். குறுக்கு அடையாளம் என்று முன்பு சொன்னேன். அது நன்மையும் செய்யும், தீமையும் செய்யும்.

நன்மைக்குச் சான்று பெரியம்மை. 1796இல் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவின் அம்மையைக் குத்தினால் மனிதனின் பெரியம்மை அண்டாது என்று மெய்ப்பித்தார். பசு அம்மைக்குச் செய்த வளையல் பெரியம்மைக்கும் பொருந்தியது. திருவிதாங்கூரிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே அம்மை குத்துதல் பரவியது. முன் கையிலும் தோளிலும் அத்தழும்புள்ள பெரியவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். 1977இல் இந்தியா பெரியம்மை நீங்கிய நாடு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வடிவத்தை இன்னொன்றாக எண்ணிய உடலின் மயக்கமே கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது.

தீமைக்குச் சான்று டெங்கு. டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. முதல் முறை ஒரு வகை வந்து குணமானவர்க்கு அவ்வகை பெரும்பாலும் மீண்டும் வராது. வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதைப் பற்றும். ஆனால் முறியடிக்கும் அளவுக்கு இறுகப் பற்றாது. அரைகுறையாகப் பற்றிய நிலையில், கிருமிகளை விழுங்கும் அணுக்களுக்குள் அதுவே வைரஸைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கள்வனைப் பிடித்த காவலன் அவனைக் களஞ்சியத்துக்குள் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பானது இது. இரண்டாம் முறை வரும் டெங்கு சிலருக்குக் கடுமையாவதன் காரணங்களில் இது ஒன்று. நிகராகுவா நாட்டில் ஆயிரக்கணக்கான சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. எதிர்ப்பொருள் மிகுதியாக உள்ளவர்க்குக் கடும் டெங்கு அபாயம் மிகவில்லை. மிகமிகக் குறைவாக உள்ளவர்க்கும் மிகவில்லை. இடைப்பட்ட அளவு உள்ளவர்க்கே அபாயம் மிகுந்தது என்று அது கண்டது. இங்கும் கவிழ்த்த மணியின் வடிவம் தோன்றுகிறது. காரணம் வேறு, ஆயினும் அளவு கூடக்கூட விளைவும் கூடும் என்ற எளிய எண்ணம் உடலின் கணக்கில் செல்லாது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. அதே நாட்டில் செய்து 2020இல் வெளியான ஆய்வு, முன்பு ஜிகா கண்டவர்க்குப் பின்னர் டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு மிகக்கூடும் என்றும் சொன்னது.

ஆகவே, எல்லைப்புறத்துக் குடும்பங்களும், ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் நீங்களும் இதிலிருந்து அறிய வேண்டியவை சில உண்டு.

ஜிகா கண்டவர்களில் ஐவரில் நால்வருக்கு அறிகுறியே தோன்றாது. தோன்றினாலும் சில நாட்களில் நீங்கும் இலேசான காய்ச்சலே. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றக்கூடும். பிரேசில் நாட்டில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகள் பெருகியதால் உலக சுகாதார நிறுவனம் 2016 பிப்ரவரி முதல் நாளன்று உலகெங்கும் அவசர நிலை அறிவித்தது. எனவே கர்ப்பிணி இருக்கும் வீட்டில், தடிப்போடு கூடிய சிறு காய்ச்சலையும் அலட்சியம் செய்யலாகாது.

காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் வைரஸையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்தால் விடை தெளிவாகக் கிடைக்கும். நாட்கள் கடந்த பின் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையே எஞ்சும். அப்போதுதான் குறுக்கு அடையாளம் மருத்துவரை மயக்கும். 1954இல் புனே ஆய்வாளர்களை எதிர்கொண்ட புதிர் இன்று ஊர் மருத்துவமனை மேசையிலும் எழுகிறது. ஜிகா என்று சோதனை சொல்வது பழைய டெங்குவின் சுவடாக இருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்க மருத்துவருக்குத் தேவையானது, நோயாளியின் பழைய காய்ச்சல்களின் வரலாறு.

அந்த வரலாறு உடலில் எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்திலோ பெரும்பாலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மார்த்தாண்டத்தில் ஒரு முறை, நெய்யாற்றின்கரையில் ஒரு முறை, பம்பாயிலோ தில்லியிலோ வேலை பார்த்தபோது ஒரு முறை என்று ஒருவர் மூன்று காய்ச்சல்களை மூன்று மாநிலங்களில் கண்டிருக்கலாம். ஒரு மாநிலத்துப் பதிவேடு மற்றொன்றுக்கு எளிதில் தெரிவதில்லை. தமிழில் எழுதிய சீட்டை ஒருவர் படிக்க இயலாது. மலையாளத்தில் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. ஆதலால் டெங்கு, ஜிகா, சிக்கன்குனியா ஆகியவற்றுக்குச் செய்த சோதனைச் சீட்டுகளைக் குடும்ப அட்டையைப் போல் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன காய்ச்சல் என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். எந்த மாநிலத்து மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள். ஊருக்குச் சென்றால், கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் சிரட்டைகளையும் தொட்டிகளையும் கவிழ்த்துவிட்டு, வேலிக்கு அப்பால் உள்ள வீட்டாருக்கும் சொல்லுங்கள். அவர்கள் வேறு மாநிலத்தவராக இருக்கலாம், கொசு ஒன்றே.

உடலின் படைக்குத் தலைவன் இல்லை. அங்குள்ள ஒவ்வோர் அணுவும் தன் அண்டையை அறிகிறது. கண்டதை மறவாமல் வைத்திருக்கிறது. இவ்விரண்டைக் கொண்டே அவ்வளவு பெரிய காவல் நடைபெறுகிறது. அண்டை வீட்டுக் காய்ச்சலை அறிந்து வைப்பதும், தம் வீட்டுக் காய்ச்சலைக் குறித்து வைப்பதும் எல்லை ஊர்களில் வாழ்வோருக்கு இயலாத செயல்களல்ல. அதற்கு எந்த அரசின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.